காது மந்தமானவர்கள் ஹெட்போன் வாங்கும் முன்



பருப்பு நிலவரம், ஜிஎஸ்டி, தராசு முத்திரை என்று எழுதிப் பழகிய கை இந்த முறை காதைப் பற்றி எழுதுகிறது. காரணம் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியதும் நம்மில் பலருக்குக் காது மந்தமாகிறது. ஆனால் யாரும் வெளியில் சொல்வதில்லை. முட்டி வலி என்று சொல்வார்கள், சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்வார்கள். காது சரியாகக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நாமும் அப்படித்தான் இருந்தோம். அதனால் நஷ்டப்பட்டோம். பண நஷ்டம் கொஞ்சம், மன நஷ்டம் அதிகம். நாம் கொடுத்த விலையை மற்றவர்களும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இரண்டு மூட்டை திரும்பி வந்தது

நமக்கு வீடு கோபாலபுரம். கடை கொத்தவால்சாவடிப் பக்கம். 1996-ல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் பருப்பு, மிளகாய், மளிகை மொத்த வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். மூட்டை விழும் சத்தம், சலிக்கும் மெஷின், ஜெனரேட்டர், சந்துக்குள் திரும்ப முடியாமல் ஹாரன் அடிக்கும் குட்டியானை வண்டி, இவற்றுக்கு மேலே லோடுமேன்களின் கூப்பாடு. இதற்கு நடுவில்தான் போனில் ஆர்டர் எடுக்கிறோம்.

மந்தைவெளியில் ஒரு மளிகைக் கடைக்காரர். நம்மிடம் 27 ஆண்டுகளாகச் சரக்கு எடுப்பவர். ஒரு நாள் உளுந்து எட்டு மூட்டை கேட்டார். நாம் சிட்டையில் பத்து என்று எழுதினோம். இரண்டு மூட்டை வண்டியிலேயே திரும்பி வந்தது. வண்டி வாடகை நம் தலையில். சரி, போகட்டும் என்று விட்டோம். அடுத்த மாதம் பாசிப்பருப்பு கேட்டார், பாசிப்பயறு அனுப்பினோம். “அண்ணாச்சி, முன்ன மாதிரி கவனம் இல்லையே” என்று சொன்னார். நாம் கணக்குப்பிள்ளை மேல் பழியைப் போட்டோம்.

மூன்றாவது முறை நடந்ததுதான் இன்றும் மனதை உறுத்துகிறது. பண்டிகைக் கூட்டம். கடை நிறைய ஆள். போன் வந்தது. அவர் குரல். “அண்ணாச்சி, நம்ம அண்ணன் தவறிட்டாரு” என்று சொல்லியிருக்கிறார். நம் காதில் விழுந்தது, “அண்ணன் வந்துட்டாரு” என்று. அவருடைய அண்ணன் ஊரில் இருப்பவர், எப்போதாவது சென்னைக்கு வருவார். நாம் சிரித்துக்கொண்டே, “ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி, கடைக்குக் கூட்டிட்டு வாங்க” என்றோம். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஆர்டர் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். வேறு இடத்தில் விலை குறைத்துக் கொடுக்கிறார்களோ என்று தரகரை விசாரித்தோம். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். அன்று நமக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தேழு வருடப் பழக்கம் ஒரு சொல்லில் போனது. அந்தச் சொல்லும் நாம் கேட்காத சொல்.

அவசரப்பட்டு வாங்கிய ஹெட்போன்

மறுநாளே ரிட்சி தெருவுக்குப் போனோம். கோபாலபுரத்தில் இருந்து அண்ணா சாலை வழியாகப் போனால் பக்கம்தான். “பெரியவருக்குச் சத்தமா கேக்கணும்” என்றதும் கடைப் பையன் பளபளவென்று ஒன்றை எடுத்து மாட்டினான். பாட்டுப் போட்டான். தவில் நெஞ்சில் இடித்தது. அடடா, இதுதான் என்று 4,200 ரூபாய் எண்ணிக் கொடுத்தோம். பேரம்கூடப் பேசவில்லை.

கடைக்கு வந்து மாட்டிக்கொண்டு போன் பேசினால், பேச்செல்லாம் குடத்துக்குள் இருந்து வருவது போல் இருந்தது. சத்தம் இருந்தது; சொல் இல்லை. இன்னும் கூட்டினோம். மாலையில் காதுக்குள் வண்டு ரீங்காரம் போடுவது போல ஓர் இரைச்சல். இரவு முழுக்க அடங்கவில்லை. மகன் கேட்டான்: “அப்பா, மாதிரி பார்க்காம ஒரு மூட்டை சரக்கு எடுப்பீங்களா? காதுக்கு மட்டும் ஏன் அப்படி எடுத்தீங்க?” பதில் இல்லை.

முதலில் காதைச் சோதிக்க வேண்டும், ஹெட்போன் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், இருக்கிற கேள்வியும் போகும்.

காதுக்கும் ஒரு விலைப்பட்டியல் உண்டு

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் பார்த்தது அழுக்கு இருக்கிறதா என்றுதான். சிலருக்கு அழுக்கை எடுத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். வலது காதில் நமக்கும் கொஞ்சம் இருந்தது. அதை எடுத்த பிறகு செவித்திறன் பரிசோதனை. சத்தம் புகாத சிறிய அறை. தலையில் ஒரு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ‘கீ’ என்று மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். அரை மணி நேர வேலை. வலி கிடையாது, ஊசி கிடையாது.

முடிவில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதற்கு ஆடியோகிராம் என்று பெயர். இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒலியின் சுருதி. இடது பக்கம் தடித்த குரல், வலது பக்கம் கீச்சுக் குரல். மேலிருந்து கீழாக டெசிபல். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குறை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி 20 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல காது. 20 முதல் 35 வரை லேசான குறை. 35 முதல் 50 வரை நடுத்தரம். 50 முதல் 65 வரை நடுத்தரத்துக்கு மேல். 65-ஐத் தாண்டினால் கடுமை. உலகில் 150 கோடிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் கேள்விக் குறை உண்டு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நமது தாளில் தடித்த சுருதிப் பக்கம் கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிந்து, 4000-ல் பள்ளத்தில் விழுந்திருந்தது. பரிசோதித்த பெண் சொன்னார்: “ஐயா, ரொம்ப வருஷம் சத்தத்துல இருந்தவங்களுக்கு நாலாயிரத்துல இந்த மாதிரி பள்ளம் விழும். வயசும் சேர்ந்திருக்கு.”

இதன் பொருள் என்ன? பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் தடித்த சுருதியில் இருக்கின்றன. பேச்சின் சத்தம் பெரும்பாலும் அதில் இருந்துதான் வருகிறது. க, ச, த, ப போன்றவற்றின் கூர்மை மேல் சுருதியில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு அதில்தான் தெரியும். மேல் சுருதி போய்விட்டால் ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. பத்தும் எட்டும் ஒன்றாகும். பருப்பும் பயறும் ஒன்றாகும். தவறியவர் வந்தவர் ஆவார்.

ரிட்சி தெருவில் நாம் வாங்கியது தடித்த சுருதியைத் தூக்கிக் கொடுக்கும் ஹெட்போன். நமக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் சுருதியை இன்னும் ஏற்றி, கேட்காத சுருதியை அது மூடிவிட்டது. கிடங்கில் துவரை மலையாகக் குவிந்திருக்க, கேட்டது உளுந்து என்றால் இன்னும் துவரையை இறக்குவது போல.

சத்தம் கூட்டினால் கேட்காதா?

கேட்கும். ஆனால் காது கெடும். உள்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்புக்குள் மெல்லிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதில் சுமார் 15,000. அதிகச் சத்தத்தில் இவை சாய்ந்து மடிகின்றன. மனிதனுக்கு இவை திரும்ப முளைப்பதில்லை. முதல் போனால் போனதுதான்.

டெசிபல் கணக்கு நம் கணக்கு மாதிரி இல்லை. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பு. கூட்டு வட்டி போல ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை ஒரு வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்குமே 20 நிமிடம்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைக்க வேண்டும். காது மந்தமானவருக்கு 90 டெசிபல் மெதுவாகத் தெரியலாம். அதனால் காதுக்குள் போவது மெதுவான சத்தம் ஆகிவிடாது. மீதி இருக்கிற மயிர்ச் செல்களுக்கு அது 90 டெசிபல்தான். நல்ல காது உள்ளவரை விட நாம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கையில் கோடி வைத்திருப்பவர் ஆயிரத்தைத் தொலைக்கலாம். கடைசி ஆயிரத்தை வைத்திருப்பவர் தொலைக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. உள்காது பழுதானவர்களுக்கு மெல்லப் பேசினால் கேட்காது. கொஞ்சம் உரக்கப் பேசினால் திடீரென்று பொறுக்க முடியாத சத்தமாகத் தெரியும். “கேக்கலைன்னு சொல்றீங்க, பேசினா ஏன் கத்தறேன்னு கோபிக்கிறீங்க” என்று நம் வீட்டு அம்மாள் சொல்வது இதனால்தான். காது கேட்கும் கருவி எந்தச் சுருதி குறைவோ அதை மட்டும் தூக்கி, அதிகச் சத்தத்தை அமுக்கியும் கொடுக்கிறது. சாதாரண ஹெட்போன் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுகிறது. ஆகவே ஹெட்போன் காதுக் கருவிக்கு மாற்று ஆகாது. நாமும் முதலில் கருவி வேண்டாம் என்று முரண்டு பிடித்தோம். பிறகு இரண்டு காதுக்கும் வாங்கினோம்.

ஒரு செய்தி. டிரான்சிஸ்டர் என்றால் நமக்கு ரேடியோதான் நினைவுக்கு வரும். ஆனால் 1954-ல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வரும் முன்பே, 1952 கடைசியில் காதுக் கருவியில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது.

எந்தக் காதுக்கு எந்த ஹெட்போன்?

சந்தையில் இருப்பவற்றை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, காது முழுவதையும் கிண்ணம் போல மூடுவது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். கருவியின் மைக் காதின் மேல் விளிம்பில் இருக்கும். அந்த மைக் கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே ஆழமான, பெரிய கிண்ணமாகப் பார்த்து வாங்க வேண்டும். கிண்ணம் சின்னதாக இருந்தால் கருவியை அழுத்தி ‘கூய்’ என்று விசில் அடிக்கும். வாங்கும்போது கருவியை மாட்டிக்கொண்டே போட்டுப் பார்க்க வேண்டும். பத்து நிமிடமாவது போட்டிருந்தால்தான் காதுமடல் வலிக்கிறதா என்று தெரியும்.

இரண்டாம் வகை, காதுமடல் மேல் உட்காருவது. விலை குறைவு, எடை குறைவு. கருவி இல்லாதவர்களுக்குப் பரவாயில்லை. கருவி உள்ளவர்களுக்கு அழுத்தம், விசில் இரண்டும் உண்டு.

மூன்றாம் வகை, காதுத் துளைக்குள் செருகும் இயர்போன். காதில் சீழ் வடிபவர்கள், அடிக்கடி அழுக்கு அடைப்பவர்கள், பூஞ்சை வந்தவர்கள் இதைத் தொடக் கூடாது. நம் சென்னை வேர்வையில் காதுத் துளை எப்போதும் ஈரம்தான். துளைக்குள் உட்காரும் கருவி வைத்திருப்பவர்கள் இதைப் போட வேண்டுமானால் கருவியைக் கழற்ற வேண்டும். ஒருவர் செருகியதை மற்றவர் செருகும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள்.

நான்காம் வகை, காதைத் தொடாமல் கன்னத்து எலும்பில் ஒட்டி நிற்பது. எலும்பு அதிர்ந்து ஒலி உள்காதுக்குப் போகிறது. வெளிக்காது, நடுக்காதில் மட்டும் கோளாறு இருந்து உள்காது நன்றாக உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. சீழ் வடியும் காதுக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் நம்மைப் போல உள்காது பழுதானவர்களுக்கு எந்த வழியில் ஒலி போனாலும் சேரும் இடம் பழுதுதான். ஆகவே தெளிவு கூடிவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். காது திறந்திருப்பதால் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர் பேசுவதையும் கேட்கலாம் என்பது ஒரு வசதி. எந்தக் கோளாறு என்று ஆடியோகிராம் எடுத்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவை தவிர, இப்போது வரும் காதுக் கருவிகள் பலவற்றில் ப்ளூடூத் இருக்கிறது. போன் பேச்சு நேராகக் கருவிக்கே வரும். அப்படிப்பட்டவர்களுக்குத் தனி ஹெட்போனே தேவைப்படாமல் போகலாம். கருவி வாங்கும் முன் உங்கள் போனோடு சேர்கிறதா என்று அங்கேயே சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

வெளிச் சத்தத்தைக் குறைக்கும் வசதி உள்ள ஹெட்போன் என்று விற்கிறார்கள். மின்விசிறி, ஏசி, ஜெனரேட்டர் போன்ற ஒரே சீரான உறுமலை அது நன்றாகக் குறைக்கும். உறுமல் குறைந்தால் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. அந்த வகையில் நல்லது. ஆனால் கிடங்கு வாசலிலும் தெருவிலும் போடவே கூடாது. பின்னால் வரும் வண்டி கேட்காது. இரு சக்கர வண்டியில் போகும்போது எந்த ஹெட்போனும் வேண்டாம்.

போனுக்குள்ளேயே உள்ள உதவி

காசு கொடுக்காமல் கிடைக்கும் உதவியை முதலில் எடுத்துக்கொள்வது வியாபாரியின் குணம். போனில் அமைப்புகள் பகுதியில் ‘அணுகல்தன்மை’ என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் ‘மோனோ ஆடியோ’ என்பதைப் போட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒரே காதுக்கு வரும். ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு இது அவசியம். இல்லாவிட்டால் பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போகும். இரண்டு காதுக்கும் வித்தியாசம் இருந்தால் இடம் வலம் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் அங்கேயே வழி உண்டு. ஐபோனில் 2020 முதல் ஆடியோகிராமையே ஏற்றி, அதற்கேற்ப ஹெட்போன் ஒலியை மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கூகுள் நிறுவனத்தின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்ற செயலி உண்டு. எதிரில் ஒருவர் தமிழில் பேசுவதைத் தமிழ் எழுத்தாகவே காட்டும். பிழைகள் வரும். ஆனாலும் ஒத்தாசை.

சாதாரணத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். நமக்கு வேண்டிய மேல் சுருதி அதில் பாதி கிடையாது. இப்போதைய வோல்ட்இ போன் பேச்சு 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தக்கூடியது. ஆகவே கடை லேண்ட்லைனில் புரியாதது செல்போனில் புரியும். போன் அமைப்பில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், லேசான அல்லது நடுத்தரக் குறை உள்ள பெரியவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் காதுக் கருவி வாங்கலாம் என்று விதி வந்தது. 2024 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் புரோ இரண்டாம் மாடல் இயர்போனில் வரும் காதுக் கருவி மென்பொருளுக்கு அந்த நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. இதைக் கேட்டுவிட்டு இயர்போன் எல்லாம் காதுக் கருவி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அனுமதி லேசான மற்றும் நடுத்தரக் குறைக்கு மட்டும்.

மாதிரி பார்த்து வாங்கும் முறை

நாம் இரண்டாம் முறை வாங்கியபோது கையாண்ட முறையைச் சொல்கிறோம். மகனைத் தெரு முனையில் நிற்க வைத்து, கடைக்குள் இருந்து போன் போட்டோம். அவன் கையில் ஒரு சீட்டு. அதில் இருபது சொல்: பத்து, எட்டு, அறுபது, எழுபது, பருப்பு, பயறு, கடுகு, கசகசா, சீரகம், சோம்பு, இப்படி. அவன் படிக்கப் படிக்க நாம் எழுதினோம். ஒவ்வொரு ஹெட்போனுக்கும் சீட்டின் வரிசையை மாற்றினான். முதல் ஹெட்போனில் இருபதுக்குப் பதினொன்று சரி. இரண்டாவதில் பதினான்கு. மூன்றாவதில் பதினெட்டு. மூன்றாவதுதான் விலையில் எல்லாவற்றிலும் குறைந்தது. பெரிய கிண்ணம், வயர் உள்ளது, வாய்க்கு முன்னால் நீளும் மைக். கால் சென்டர்களில் போடும் வகை. 1,650 ரூபாய்.

பாட்டுக்கு நன்றாக இருப்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சில ப்ளூடூத் ஹெட்போன்களில் பாட்டு கேட்கும்போது இருக்கும் தரம், மைக் போட்டுப் பேசத் தொடங்கியதும் குறைந்துவிடும். ஆகவே கடைக்காரர் பாட்டுப் போட்டால், “தம்பி, பாட்டு வேண்டாம், போன் போடு” என்று சொல்லுங்கள்.

டிவி பார்க்கத் தனியாக ப்ளூடூத் வாங்குபவர்கள் உதட்டசைவும் குரலும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். காது மந்தமானவர்கள் தெரியாமலே உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள். குரல் பின்தங்கினால் அந்த உதவியும் போகும்.

பெட்டியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். நம் காது 8000-க்கு மேல் கடையைச் சாத்தி வெகு நாளாகிறது. வயர்லெஸ் ஹெட்போனாக இருந்தால் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். ஹெட்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி விலக்கு. இரண்டையும் ஒரே பில்லில் போட்டு வரியைச் சேர்க்கிறார்களா என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

வாங்கிய பிறகு சத்த அளவை போனின் முழு அளவில் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதில் புரியவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். நாம் கிடங்கை விட்டு, பின்னால் உள்ள சாக்கு அறையில் உட்கார்ந்து ஆர்டர் எடுக்கிறோம். சாக்குக் கட்டுகள் சத்தத்தை நன்றாக விழுங்குகின்றன. செலவில்லாத வைத்தியம்.

தாமதிக்கக் கூடாத இடங்கள்

ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் கேட்காமல் போனால் ஹெட்போன் கடைக்குப் போகாதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் திரும்ப வாய்ப்பு அதிகம். தலைசுற்றல், காதில் சீழ், ஒரு காதில் மட்டும் விடாத இரைச்சல் இருந்தாலும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேள்விக் குறை அதிகமாக வருகிறது. அவர்கள் கண்ணைக் காட்டுவது போலக் காதையும் காட்ட வேண்டும்.

நம் பகுதிக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம். அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. உங்கள் லோடுமேன்களையும் கடைப் பையன்களையும் அனுப்புங்கள். அவர்களும் அதே சத்தத்தில்தான் இருக்கிறார்கள், நம்மை விட அருகில் இருக்கிறார்கள். இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் குறை இருந்தால் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழுக்கு வழி உண்டு. வசதி இல்லாதவர்களுக்குக் கருவி கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மந்தைவெளிக்குப் போனோம்

கருவி மாட்டிப் பழகிய இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிக்குப் போனோம். வீட்டில் அண்ணன் படத்துக்கு மாலை. அவர் வாங்க என்று சொன்னார், உட்காரச் சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. நாம் காதில் இருந்து கருவியைக் கழற்றி அவர் கையில் வைத்தோம். “அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. வந்துட்டாருன்னு கேட்டுச்சு. காது கேக்கலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். அதனால வந்த வினை” என்றோம்.

அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அண்ணனுக்கும் கடைசில காது கேக்கல. நாங்க எல்லாம் அவர் மேல கத்திக்கிட்டே இருந்தோம்” என்றார். அதற்கு மேல் அவருக்கும் முடியவில்லை, நமக்கும் முடியவில்லை.

மறுவாரம் போன் வந்தது. சாக்கு அறைக்குப் போய், ஹெட்போன் மாட்டி எடுத்தோம். உளுந்து ஆறு, துவரை நாலு. இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆர்டரை முழுவதும் கேட்ட பிறகு நாம் ஒருமுறை திருப்பிச் சொல்வோம். எதிர்ப்பக்கம் சரி என்று சொன்ன பிறகுதான் சிட்டையில் ஏறும். “எனக்குக் காது கொஞ்சம் மந்தம், திருப்பிச் சொல்றேன், சரி பாருங்க” என்று சொல்லியே தொடங்குகிறோம். இப்படிச் சொன்னதால் இதுவரை ஒரு வாடிக்கையாளரும் போகவில்லை.

வள்ளுவர் பெருமான் கேள்வி என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 42-வது அதிகாரம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. அப்போது அதன் அருமை தெரியவில்லை. வருடம் ஒருமுறை தராசுக்கு முத்திரை வைக்கிறோம். ஐம்பது வயதைத் தாண்டிய வணிகப் பெருமக்கள் காதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். தாள் கையில் வந்த பிறகு ஹெட்போன் வாங்கப் போங்கள். போகும்போது இருபது சொல் எழுதிய சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.